எம்ஜிபி ரெட்டை எஸ்யூ கார்புரேட்டர் மக்கர் பண்ணுதா? கோலாலம்பூர் (கேஎல்) வெயில்லயும் ஜாம்லயும் ஓட்டுறவங்களுக்கு முழு வழிகாட்டி

பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காடி வச்சிருக்கறவங்க யார கேட்டாலும் ஒரே பாட்டுதான், "கார்ப் சரியில்ல ப்ரோ". கார்ப்னா கார்புரேட்டர், காத்தையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்கு கொடுக்கறது. மூச்சு முட்டுதா, கார்ப். ஸ்டார்ட் ஆகலயா, கார்ப். பெட்ரோல் அதிகமா குடிக்குதா, கார்ப். போனட்டை தூக்குனதும் ரெண்டு பளபள குண்டு மூஞ்சிக்கு நேரா நிக்குது, ஸ்குரூ எல்லாம் கைக்கு எட்டுற இடத்துல இருக்கு, அதனால ஸ்குரூடிரைவர் தானா அங்க போயிடுது. ஆனா பாதிக்கு மேல பழி மட்டும்தான் கார்புக்கு, தப்பு வேற எங்கயோ இருக்கும், அத கண்டுபிடிக்காம கார்பை திருகிட்டா இப்ப ரெண்டு பிரச்சனை ஆயிடும், பழசு ஒண்ணு நீங்க சேர்த்தது ஒண்ணு.

இங்க நான் எம்ஜிபிய வச்சு சொல்றேன், 1962லேந்து 1980 வரைக்கும் வந்த காடி, 1798 சிசி இஞ்சின், எஸ்யூங்கற பிராண்டு கார்ப் ரெண்டு. முதல்ல வந்தது எச்எஸ்4, 70கள் ஆரம்பத்துக்கு அப்புறம் எச்ஐஎஃப்4. அமெரிக்காவுக்கு போன கடைசி வருஷத்து காடிங்கள்ல ஒத்த ஸ்ட்ராம்பெர்க் கார்ப் இருக்கும், அது இதுல வராது. டிரையம்ப் டிஆர்4, வால்வோ பி1800, ஏன் டட்சன் 240இசட்ல இருக்கற ஹிட்டாச்சி கார்ப் கூட இதே ஜாதிதான், அதனால அவங்களும் படிக்கலாம், அளவு மட்டும் அவங்கவங்க மேனுவல்ல பாத்துக்கணும். வெபர் கார்ப் வச்சிருக்கறவங்க மன்னிக்கணும், அது வேற உலகம்.

எஸ்யூ எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு நிமிஷம்

மத்த கார்ப்ல ஐடிலுக்கு ஒரு ஜெட் (பெட்ரோல் வர துளை), ஓட்டத்துக்கு ஒரு ஜெட், மிதிக்கும்போது பீச்ச ஒரு பம்ப்னு இருக்கும். எஸ்யூல அதெல்லாம் கிடையாது. ஒரே ஜெட், அதுக்குள்ள ஏறி இறங்குற ஒரு ஊசி, ஊசிய தூக்குற ஒரு பிஸ்டன். இஞ்சின் எவ்வளவு காத்து இழுக்குதோ அவ்வளவுக்கு பிஸ்டன் மேல ஏறும், ஊசி மேல போகப் போக மெலிசா இருக்கறதால பெட்ரோல் அதிகமா வரும். திடீர்னு மிதிச்சா பிஸ்டன் ஒரே தாவா தாவிடக்கூடாதுன்னு மேல டேம்பர்ல கொஞ்சம் ஆயில். அவ்வளவுதான் மொத்த கதை.

இது தெரிஞ்சா ஒரு பெரிய லாபம் இருக்கு. ஜெட் ஒண்ணுதான்ங்கறதால, ஜெட் உயரமோ ஃப்ளோட் லெவலோ (கார்ப் கிண்ணத்துல பெட்ரோல் நிக்கற மட்டம்) தப்பா இருந்தா ஐடில்லயும் தப்பா இருக்கும் ஹைவேயிலயும் தப்பா இருக்கும். ஐடில் அழகா நிக்குது, மிதிக்கும்போது மட்டும் ஒரு செகண்ட் செத்துப்போகுதுன்னா ஜெட் நட்டை தொடவே வேணாம், டேம்பர் ஆயில பாருங்க. மெதுவா போனா நல்லா போகுது, காராக் ஹைவே ஏத்தத்துல முழு மிதி மிதிச்சா ஒரு நிமிஷத்துல அடங்குதுன்னா பெட்ரோல் வந்து சேரல, கார்பை விட்டுட்டு பின்னாடி பம்ப்க்கு போங்க. அதனால டூல் பாக்ஸ திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதுங்க, இந்த மக்கர் எப்ப வருது? காலையிலயா, சூடானப்பறமா, நிக்கும்போதா, ஏத்தத்துலயா, ஜாம்லயா, டீ குடிச்சிட்டு வந்து திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போதா? அந்த பதில்லயே பாதி வேலை முடிஞ்சிடும்.

முதல்ல கரண்டு பக்கம், கார்ப் கடைசி

வரிசை முக்கியம், மாத்தாதீங்க. இஞ்சின் ஆறி இருக்கும்போது டேப்பெட் (வால்வு இடைவெளி), 0.38 மில்லி. அப்புறம் பாயிண்ட் இடைவெளி, பிளக்குக்கு கரண்ட பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் 25டி4 மாடல்னா 0.35லேந்து 0.40 மில்லி. பிளக் கேப் 0.64 மில்லி. டைமிங், உங்க இஞ்சின் நம்பருக்கு மேனுவல் என்ன டிகிரி சொல்லுதோ அது, பக்கத்து வீட்டுக்காரர் காடிக்கு வச்சது இல்ல. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பிளக் வயர கழட்டி மாட்டுனவங்க இத ஒரு தடவை சரி பாருங்க, ரெண்டு வயர் மாறியிருந்தாலும் இருமிக்கிட்டே ஓடும், அதையும் கார்ப் மேலதான் போடுவாங்க.

டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒட்டியிருக்கற வேக்குவம் கேப்சூலுக்கு ஒரு மெல்லிசு பைப் போகும். அத கழட்டி வாயில வச்சு உறிஞ்சி நாக்கால அடைங்க. பிடிச்சு நின்னா நல்லது. காத்து வந்துகிட்டே இருந்தா உள்ள டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு, அதனால ரெண்டு தப்பு வரும், டைமிங்கும் ஏறாது, அந்த ஓட்டை வழியா காத்தும் போகும்.

சூடானா மட்டும் வர மக்கருக்கு பாயிண்ட்டோட சேர்ந்து வேலை செய்யற கண்டென்சர்தான் என்னோட முதல் சந்தேகம். இருபது நிமிஷம் ஓடி சூடானதும் வெட்டி வெட்டி ஓடும், நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே தெரியாத மாதிரி கிளம்பும். இதத்தான் இங்க பாதிப் பேரு வேப்பர் லாக்னு (பைப்ல பெட்ரோல் ஆவியாகி அடைக்கறது) சொல்லி பெட்ரோல் பைப்புக்கு ஈரத்துணி சுத்திக்கிட்டு இருக்காங்க. பிரிச்சு பாக்க ஒரு வழி இருக்கு. ஓடிக்கிட்டு இருக்கும்போது அடங்குதுன்னா ஆர்பிஎம் முள்ளை பாருங்க. காடி இன்னும் கியர்ல உருளும்போதே முள்ளு பட்டுனு ஜீரோவுக்கு விழுந்தா, இல்ல கண்டபடி துள்ளுனா, கரண்டு போயிருக்கு. இஞ்சின் வேகத்தோட சேர்ந்தே முள்ளும் மெதுவா இறங்குனா பெட்ரோல் பக்கம் பாக்கலாம். இன்னொண்ணு, அடங்குற நேரத்துல சோக்க (பெட்ரோல் பங்க கூட்டற இழுவை) கொஞ்சம் இழுத்துப் பாருங்க, உயிர் வந்தா பெட்ரோல் பத்தல, ஒண்ணும் மாறலன்னா கரண்டு.

ஒரு எச்சரிக்கை, 1967 கடைசி வரைக்கும் வந்த எம்ஜிபில பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடிக்கு போகும். அதுக்கப்புறம் யாராவது மாத்தியிருக்கலாம் மாத்தாமலும் இருக்கலாம். எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கி மாட்டறதுக்கு முன்னாடி சீட்டுக்கு பின்னாடி இருக்கற பேட்டரிய திறந்து எந்த வயர் பாடிக்கு போகுதுன்னு கண்ணால பாருங்க. தப்பா மாட்டுனா சாவி திருப்புனதும் காசு புகையா போயிடும்.

பெட்ரோல் வருதா? டேங்க்லேந்து ஆரம்பிங்க

சாவிய ஆன் பண்ணுங்க, இஞ்சின ஸ்டார்ட் பண்ணாதீங்க. பின்னாடி பேட்டரி பக்கத்துலேந்து டக் டக் டக்னு சத்தம் வரும், ஃப்ளோட் கிண்ணம் ரெண்டும் நிறைஞ்சதும் நின்னுடும். இந்த டக் டக் உங்களுக்கு ஓசியில கிடைக்கற மீட்டர். சத்தமே இல்லயா, பம்ப் பாயிண்ட் கருகியிருக்கும் இல்ல எர்த் வயர் துரு பிடிச்சிருக்கும், ஸ்பேனர் பின்பக்கத்தால பம்ப லேசா தட்டுனா உசுரு வரும், ஆனா அது வீடு போய் சேரத்தான், வைத்தியம் இல்ல. நிக்காம வேகமா அடிச்சுக்கிட்டே இருக்கா, பெட்ரோலுக்கு பதிலா காத்த இழுக்குது, இல்ல டேங்க் காலி. நிறைஞ்சு நின்னப்பறமும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை டக்குனு ஒண்ணு வருதா, எங்கயோ கசியுது இல்ல பம்ப் வால்வு பின்வாங்குது.

அடுத்து கார்புக்கு போற பைப்ப கழட்டி ஒரு பாட்டில்ல விடுங்க. நல்ல பம்ப் நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு குறையாம தரணும். முதல் பத்து செகண்ட் நல்லா வந்து அப்புறம் இளைச்சா டேங்க் மூடிய திறந்து வச்சு திரும்ப பாருங்க. மூடிய திறக்கும்போது உஸ்ஸுனு காத்து உள்ள போற சத்தம் கேட்டா மூடியில காத்து ஓட்டை அடைச்சிருக்கு, அது ஒரு ஊசியால முடியற வேலை. மூடிய திறந்தும் இளைச்சா ஃபில்டர், டேங்க் துரு, இல்ல பைப் உள்பக்கம் ஊதி அடைச்சிருக்கு.

நம்ம ஊர் ஈரத்துல, அதுவும் வாரக்கணக்குல போர்ச்ல நிக்கற காடிக்கு டேங்க் பாதி காலியா இருந்தா உள்ள தண்ணி சேரும். கழட்டுன பாட்டில பத்து நிமிஷம் அசையாம வச்சா தண்ணி அடியில தனியா உருண்டு நிக்கும். கறுப்பா பொடி பொடியா மிதந்தா பழைய ரப்பர் ஓஸ் உள்ளேந்து உதிருது, எல்லா ஓஸையும் மாத்திடுங்க, ஒண்ண மட்டும் மாத்தி காசு மிச்சம் பிடிக்காதீங்க. எம்ஜிபில கார்புக்கு நேர் கீழதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சூடான புகை போற குழாய்), அங்க பெட்ரோல் சொட்டுனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

பழைய பம்ப் செத்துப்போய் கடையில ஏதோ ஒரு பம்ப் மாட்டியிருந்தா அதோட பிரஷர பாருங்க. எஸ்யூவோட ஃப்ளோட் ஊசி (கிண்ணம் நிறைஞ்சதும் பெட்ரோல நிறுத்தற வால்வு) 3 பிஎஸ்ஐ பக்கம்தான் தாங்கும். அதுக்கு மேல தள்ளுனா ஊசிய தாண்டி கிண்ணம் வழியும், நீங்க ஃப்ளோட்ட நாள் பூரா வளைச்சாலும் நிக்காது. ரெகுலேட்டர் மாட்டுங்க.

திருட்டுக் காத்து

ஐடில் ஏறி ஏறி இறங்குது, இல்ல ஐடில் ஸ்குரூவ முழுசா விட்டும் 1200க்கு கீழ வரமாட்டேங்குது, இதெல்லாம் எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுதுன்னு அர்த்தம். பாக்க வேண்டிய இடங்கள்: கார்புக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (கலவை இஞ்சினுக்கு போற குழாய்) நடுவுல இருக்கற கறுப்பு ஸ்பேசர், அதுக்கு ரெண்டு பக்கமும் பேப்பர் கேஸ்கெட் இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் போட்டு மாட்டுன காடி நிறைய இருக்கு. பிரேக் சர்வோ ஓஸ். பிரீதர் ஓஸ். 60கள் நடுவுல வந்த காடின்னா மேனிஃபோல்டு மேல உக்காந்திருக்கற பிசிவி வால்வு, அதுக்குள்ள ரப்பர் டயாஃப்ரம் கிழிஞ்சா பெரிய ஓட்டை, என்ன ட்யூன் பண்ணாலும் நிக்காது.

அப்புறம் முக்கியமானது த்ராட்டில் ஸ்பிண்டில், மிதிக்கும்போது கார்ப்ல காத்துத் தட்ட திருப்பற கம்பி. வண்டி வயசுக்கு அந்த கம்பி தேஞ்சிருக்கும். விரலால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, சுத்தறது இல்ல, ஆட்டறது. டக் டக்னு ஆடுனா அந்த சந்து வழியா காத்து போகுது. இஞ்சின் ஐடில்ல இருக்கும்போது ஸ்பிண்டில் ரெண்டு முனையிலயும் கார்ப் கிளீனர் ஒரே ஒரு துளி அடிங்க, சத்தம் மாறுனா அங்கதான். ஒரு துளின்னா ஒரு துளி, கீழ எக்ஸாஸ்ட் கொதிச்சுக்கிட்டு இருக்கு, தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும், இஞ்சின் நல்லா சூடேறின பிறகு இத செய்யாதீங்க, ஸ்டார்ட் பண்ணின புதுசுல செய்யுங்க.

ஸ்பிண்டில் தேஞ்ச கார்ப ட்யூன் பண்றது வீண் வேலை. இன்னைக்கு சரியா இருக்கும், நாளைக்கு கம்பி வேற பக்கம் உக்காரும், திரும்ப ஐடில் ஏறும். முதல்ல அத சரி பண்ணணும், எப்படின்னு கடைசியில சொல்றேன்.

இப்பதான் கார்ப்

ஏர் ஃபில்டர ரெண்டையும் கழட்டுங்க. கழட்டும்போதே ஃபில்டர் கேஸ்கெட்ட கவனிங்க, கார்ப் வாயோட விளிம்புல ரெண்டு சின்ன துளை இருக்கும், பிஸ்டனுக்கு அடியில காத்து போற வழி அது. கேஸ்கெட்ட தலைகீழா மாட்டுனா அந்த துளை மூடிக்கும், பிஸ்டன் ஒழுங்கா ஏறாது, காடிக்கு இழுவையே இருக்காது. இது ஒரு பைசா செலவில்லாத ரிப்பேர், ஆனா இதுக்காக கார்பையே மாத்துனவங்களும் இருக்காங்க.

விரல உள்ள விட்டு பிஸ்டன மேல தூக்குங்க. டேம்பர் ஆயில் இருக்கறதால கனமா, மெதுவா ஏறணும். விடுங்க, தடங்கல் இல்லாம இறங்கி அடியில 'டக்'னு உலோகச் சத்தம் கேக்கணும். அந்த டக் வரலன்னா ரெண்டு காரணம், ஒண்ணு பிஸ்டன் அழுக்குல ஒட்டுது, இல்ல ஊசி ஜெட்டோட சுவத்த உரசுது. எதுன்னு பாக்க மேல இருக்கற குண்ட கழட்டுங்க, அதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் எப்படி உக்காந்திருக்குன்னு ஒரு கோடு கிழிச்சு வைங்க. குண்டும் பிஸ்டனும் ஜோடியா செஞ்சது, முன்கார்போட குண்ட பின்கார்போட பிஸ்டன்ல மாட்டக்கூடாது. பெட்ரோல்லயோ கிளீனர்லயோ துணியால துடைங்க, மணல்தாள் கிட்டயே கொண்டு போகாதீங்க, அந்த இடைவெளி மில்லியோட நூறுல ஒரு பங்கு கணக்குல இருக்கற சமாச்சாரம், ஒரு தடவை தேய்ச்சுட்டா அந்த குண்டு குப்பைக்குத்தான்.

ஊசிய வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு கோடு விழுந்திருந்தா ஜெட்ட உரசிக்கிட்டு இருந்திருக்கு. ஊசிய மாத்துங்க, ஜெட்டையும் சேர்த்து மாத்துங்க, ஏன்னா உரசுன ஜெட்டு ஓட்டை வட்டமா இருக்காது, முட்டை மாதிரி ஆயிருக்கும். ஊசியோட தோள் பிஸ்டன் அடிப்பரப்போட சமமா இருக்கணும். ஊசி மேல எழுத்து குத்தியிருக்கும், ரெண்டு கார்ப்லயும் ஒரே எழுத்து இருக்கான்னு பாருங்க, ஸ்பிரிங்ல பூசியிருக்கற கலரும் ஒண்ணா இருக்கணும். பழைய காடிங்கள்ல யாரோ ஒருத்தர் கையில கிடைச்சத மாட்டியிருப்பாரு, நீங்க வருஷக்கணக்குல காரணம் தெரியாம அல்லாடுவீங்க.

பழைய கார்ப்ல ஊசி அசையாம நிக்கற ரகம், அதுக்கு ஜெட்ட நடுவுல உக்கார வைக்கணும். ஜெட்டோட லாக் நட்ட லூஸ் பண்ணி, ஜெட்ட முழுசா மேல ஏத்தி, டேம்பர் ஓட்டை வழியா ஒரு பென்சிலால பிஸ்டன மெதுவா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு லாக் நட்ட டைட் பண்ணுங்க. அப்புறம் ஜெட் மேல இருக்கும்போதும் கீழ இறக்கியும் பிஸ்டன போட்டுப் பாருங்க, ரெண்டு தடவையும் ஒரே டக் வரணும். பின்னாடி வந்த கார்ப்ல ஊசி ஸ்பிரிங் வச்சு ஒரு பக்கம் சாஞ்சே நிக்கும், அது அப்படித்தான் இருக்கணும், நடுவுல நிறுத்தறேன்னு வம்பு பண்ணாதீங்க.

ஃப்ளோட் கிண்ணம். எச்எஸ்4ல மூடிய கழட்டி தலைகீழா பிடிச்சா ஃப்ளோட் தன் எடைக்கு ஊசி வால்வு மேல உக்காரும், அப்ப மூடி விளிம்புக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவுல 3 மில்லி தடிப்புள்ள டிரில் பிட் உருண்டு போகணும். ஃப்ளோட்ட காது கிட்ட வச்சு குலுக்குங்க, உள்ள களக் களக்னு கேட்டா ஓட்டை விழுந்து பெட்ரோல் குடிச்சிருக்கு. மூடியோட வழிச்சல் குழாய்லேந்து பெட்ரோல் ஊத்துதுன்னா முதல்ல இத பாருங்க, அடுத்து ஊசி வால்வுல குப்பை, அதுக்கப்புறம் மேல சொன்ன பம்ப் பிரஷர்.

டேம்பர் ஆயில், 20 கிரேட் இஞ்சின் ஆயில். டேம்பர உள்ள விடும்போது மூடி உக்கார இன்னும் 6 மில்லி பக்கம் இருக்கும்போதே கைக்கு தடை தெரியணும். தெரியலன்னா ஊத்துங்க. நிறைய பேரு இஞ்சின்ல போடற 20டபிள்யூ-50யே இதுலயும் ஊத்தறாங்க, நம்ம சூட்டுக்கு அது ஓடிடும், ஆனா மல்டிகிரேட் ஆயில விட நேர் 20 எனக்கு பிடிக்கும், மிதிக்கும்போது பிஸ்டன் ஏறறது ஒரே சீரா இருக்கு. வாரா வாரம் குறையுதுன்னா எங்கயோ கசியுது.

செட்டிங்: பிளாட் கணக்கு

இஞ்சின் நல்ல சூட்டுல இருக்கணும், சோக் முழுசா உள்ள இருக்கணும். சோக் கேபிள் ஒட்டிக்கிட்டு ஒரு கார்ப்ல மட்டும் ஜெட் கொஞ்சம் கீழயே நிக்கறது இங்க ரொம்ப சகஜம், ஏன்னா நம்ம ஊர் காலைக்கு சோக்க இழுக்கவே தேவையில்லாததால வருஷத்துல பாதி நாள் அது அசையறதே இல்ல, கேபிள் துரு பிடிச்சு இறுகிடும். சோக் லிவர கையால மேல தள்ளிப் பாருங்க.

எச்எஸ்4ல ரெண்டு ஜெட்டையும் மேல ஏத்தி பிரிட்ஜோட (பிஸ்டன் உக்காரற மேடை) சமமா நிறுத்துங்க, அங்கேந்து நட்ட ரெண்டு முழு சுத்து கீழ இறக்குங்க. நட்டுக்கு ஆறு முகம், ஆக 12 பிளாட். கீழ இறக்குனா ரிச் (பெட்ரோல் அதிகம்), மேல ஏத்துனா லீன் (பெட்ரோல் கம்மி). இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான்.

ரெண்டு கார்பையும் இணைக்கற கம்பியோட கிளாம்ப லூஸ் பண்ணுங்க, இப்ப ரெண்டும் தனித்தனி ஆளு. ஒரு ஓஸ் பைப்ப காதுல வச்சு மறுமுனைய கார்ப் வாய்ல ஒரே இடத்துல பிடிச்சு உஸ்ஸு சத்தத்த ஒப்பிட்டு ஐடில் ஸ்குரூவ ரெண்டுலயும் சமமாக்குங்க. காத்து மீட்டர் இருந்தா இன்னும் சுலபம், ஆனா காது போதும். ஐடில் 750, 800 பக்கம் நிக்கட்டும்.

இப்பதான் எஸ்யூவோட அருமையான வேலை, தூக்கற பின். கார்ப் பக்கத்துல கீழ ஒரு சின்ன பின் இருக்கும், அத மெதுவா மேல தள்ளி பிஸ்டன ஒரு மில்லிக்கும் குறைவா தூக்குங்க, கவனமா கேளுங்க. வேகம் ஏறி ஏறினபடியே நின்னா ரிச், நட்ட ஒரு பிளாட் மேல ஏத்துங்க. உடனே தள்ளாடி விழப் பாத்தா லீன், ஒரு பிளாட் கீழ இறக்குங்க. லேசா ஒரு துளி ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தா அதுதான் சரி. முன்கார்ப முடிச்சு பின்கார்ப், திரும்ப முன்கார்ப், ஏன்னா மேனிஃபோல்டுக்குள்ள ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு, ஒண்ண மாத்துனா இன்னொண்ணு அசையும். ஒரு தடவைக்கு ஒரு பிளாட்தான். செந்தூல்ல ஒரு பழைய போர்மேன் அங்கிள் இத பாத்துட்டு ஒரு தம்பிய திட்டுனாரு, "நீ கதவு தாழ்ப்பாள் திருகற மாதிரி திருகுறியே தம்பி, ஒண்ணு திருப்பு, கைய எடு, அது என்ன சொல்லுதுன்னு கேளு." தம்பி "சரி அங்கிள்"னு சொல்லிட்டு திரும்ப ரெண்டு திருகுனாரு, அங்கிள் ஸ்பேனர பிடுங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு.

எல்லாம் முடிஞ்சு கிளாம்ப டைட் பண்ணும்போது கவனம், ரெண்டு கார்ப்போட நாக்கும் ஒரே நேரத்துல த்ராட்டில தொடணும். ஒண்ணு முந்திக்கிட்டா ஐடில் சமமா இருக்கும், மிதிச்சதும் ஒரு கார்ப் மட்டும் வேலை செய்யும், காடி நடுங்கும். உதவிக்கு ஒரு ஆள உக்கார வச்சு பெடல லேசா அமுக்கச் சொல்லி ரெண்டு ஸ்பிண்டிலையும் பாத்தா தெரிஞ்சிடும்.

பிளக்க கழட்டி கலர் பாருங்க. முன்கார்ப் 1, 2 சிலிண்டருக்கு, பின்கார்ப் 3, 4க்கு. 1, 2 மட்டும் காஞ்ச கரியா இருந்தா முன்கார்ப் ரிச். நாலும் கரின்னா மிக்சர், இல்ல கண்டென்சர், இல்ல அடைச்ச ஃபில்டர். நாலுல ஒண்ணு மட்டும் ஈரமா எண்ணெய் பிசுக்கா இருந்தா அது கார்ப் வேலையே இல்ல, இஞ்சினுக்குள்ள வேலை. பிஸ்கட் கலர்தான் வேணும். ஜாம்ல ஊர்ந்து வந்த உடனே கழட்டி பாக்காதீங்க, அப்ப எல்லா பிளக்கும் கரியாத்தான் இருக்கும், பத்துமலை தாண்டி உலு யாம் பக்கம் ஒரு ஓட்டம் ஓட்டி, ஏத்தத்துல இழுவையில இருக்கும்போதே கிளட்ச்ச மிதிச்சு சாவிய ஆஃப் பண்ணி ஓரமா நிறுத்தி கழட்டுங்க. பின்னாடி லாரி வருதான்னு பாத்துட்டு.

கெந்திங் மலை மேல போய் ட்யூன் பண்ணாதீங்க. அங்க 1,800 மீட்டர் பக்கம் உயரம், காத்து மெலிசு, அதே செட்டிங் அங்க ரிச்சா தெரியும். அங்க லீன் பண்ணி கீழ இறங்குனா கேஎல்ல லீனா ஓடி இஞ்சின் சூடேறும்.

சூடு, ஜாம், வேப்பர் லாக்

இதுல நிறைய கட்டுக்கதை இருக்கு. உண்மையான வேப்பர் லாக் இஞ்சின் பக்கத்துல மெக்கானிக்கல் பம்ப் இருக்கற காடிக்குத்தான் அதிகம் வரும், ஏன்னா அது டேங்க்லேந்து உறிஞ்சுது, உறிஞ்சற பைப்ல பெட்ரோல் சுலபமா கொதிக்கும். எம்ஜிபில பம்ப் பின்னாடி இருந்து முன்னாடி தள்ளுது, தள்ளற பைப்ல பிரஷர் இருக்கு, அதனால பைப்ல ஆவி கட்டறது கொஞ்சம் கஷ்டம். இங்க நடக்கறது வேற, ஃப்ளோட் கிண்ணம் கொதிக்கறது. பெடரல் ஹைவே ஜாம்ல முக்கா மணி நேரம் ஊர்ந்து வந்து, மாமாக் சாப்பாட்டுக் கடையில காடிய நிறுத்தி தே தாரிக் குடிக்கும்போது இஞ்சின் ஃபேன் நின்னுடுது, எக்ஸாஸ்ட் சூடு பூரா மேல ஏறி கார்ப வேக வைக்குது. கிண்ணத்துல பெட்ரோல் கொதிச்சு ஜெட் வழியா மேனிஃபோல்டுல வழியும். திரும்பி வந்து சோக்க இழுத்து ஸ்டார்ட் பண்ணுனா இன்னும் முங்கிடும். சோக் வேணாம், ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட்டர திருகுங்க, காத்து போய் ஈரத்த வெளியேத்தும், இருமிட்டு பத்திக்கும். மிதிச்சு மிதிச்சு விடாதீங்க, மிதிச்சா மிதிச்சபடியே.

இதுக்கு நிரந்தர வழி: கார்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவுல இருக்கற ஹீட் ஷீல்ட், அதுவும் அதுல ஒட்டியிருக்கற இன்சுலேஷன் பலகை. பாதி காடில ஷீல்டே காணோம், யாரோ கழட்டுனவரு திரும்ப மாட்டல. பழைய பலகையில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தேய்க்காதீங்க, சுரண்டாதீங்க, ஈரமாக்கி முழுசா எடுத்துட்டு புது ரகத்த போடுங்க. முன்ன சொன்ன கறுப்பு ஸ்பேசர் காத்து கசியாம இருக்க மட்டும் இல்ல, மேனிஃபோல்டு சூடு கார்புக்கு ஏறாம தடுக்கறதும் அதுதான், வெடிச்சிருந்தா மாத்துங்க. பெட்ரோல் பைப் எக்ஸாஸ்ட் மேல சாஞ்சிருந்தா தள்ளிக் கட்டுங்க. நிறுத்துனதும் போனட்ட தூக்கி வச்சா பாதி பிரச்சனை தீரும், ரெண்டு பேரு வந்து "என்ன அண்ணே காடி பிரேக்டவுனா"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும்.

துணி காயப்போடற கிளிப்ப பெட்ரோல் பைப்ல வரிசையா மாட்டுனா சூடு இறங்கும்னு ஒரு வைத்தியம் உண்டு. எனக்கு நம்பிக்கை இல்ல. மரத்துண்டு எப்படிங்க சூட்ட இழுக்கும்.

பெட்ரோல் விஷயத்துல, 8.8 கம்ப்ரஷன் இஞ்சினுக்கு ரோன் 97 போடுங்க. 95 போட்டு ஏத்தத்துல கிலுகிலுப்பை சத்தம் வந்தா டைமிங்க கொஞ்சம் பின்னுக்கு கொண்டு வாங்க. அந்த சத்தத்துக்காக ஜெட்ட இறக்கி ரிச் பண்றவங்க இருக்காங்க, சத்தம் அடங்குன மாதிரி தெரியும், பெட்ரோல் காசு மட்டும் ஏறும்.

ஸ்பிண்டில் வேலைக்கு கொடுக்கும்போது

கார்ப் கழட்டற வேலை நீங்களே செய்யலாம், ஸ்பிண்டில் புஷ் (தேஞ்ச ஓட்டைக்குள்ள மாட்டற வளையம்) போடறத மட்டும் நல்ல லேத் கடைக்கு கொடுங்க. சான் சோவ் லின் பக்கம் தேடுனா கிடைப்பாங்க, மோட்டார் வேலை செய்யறவங்க நிறைய இருக்கற இடம். ரெண்டு பாடியையும் ஒண்ணா கொடுங்க, கூடவே புது ஸ்பிண்டில வாங்கிக் கொடுங்க, தேஞ்ச கம்பிக்கு புது புஷ் போட்டு பிரயோஜனமில்ல. ரெண்டு பக்கத்து ஓட்டையும் ஒரே நேர்கோட்டுல ரீம் பண்ணச் சொல்லுங்க, ஒரு பக்கம் தனி, மறுபக்கம் தனின்னு டிரில் போட்டா கம்பி இறுகும். த்ராட்டில் தட்டை பிடிக்கற ரெண்டு குட்டி ஸ்குரூவோட வால் பிளந்து விரிச்சிருக்கும், கழண்டு இஞ்சினுக்குள்ள போகாம இருக்க அப்படி செஞ்சிருக்காங்க, திரும்ப மாட்டும்போது புது ஸ்குரூ போட்டு வால விரிக்கணும். மறந்துட்டாங்களான்னு வாங்கும்போதே திருப்பிப் பாருங்க. தட்டுல சின்ன ஸ்பிரிங் வால்வு இருக்கற பின்கால மாடல்னா அது முழுசா மூடுதான்னும் பாருங்க, மூடலன்னா ஐடில் இறங்காது, அத சாலிடர் வச்சு மூடிடறவங்க உண்டு, இல்ல வால்வு இல்லாத தட்டே மாட்டலாம்.

பாடி திரும்பி வந்ததும் புது கேஸ்கெட், புது ஜெட், புது ஊசி, ஜெட்டுக்கு போற நைலான் குழாயோட முனையில இருக்கற குட்டி ரப்பர் சீல், இதெல்லாம் ஒரே தடவையில போட்டு 12 பிளாட்லேந்து மறுபடி ஆரம்பிங்க. முதல் ஓட்டம் வீட்ட சுத்தியே இருக்கட்டும், பத்து நிமிஷத்துல நிறுத்தி போனட்ட தூக்கி ஒவ்வொரு ஓஸ் கிளிப்பையும் விரலால தடவிப் பாருங்க, ஈரம் இல்லன்னா காராக் போகலாம்.